ஆய்வுக்கூடத்தில் நமக்கு இடமில்லையா?

 

வத்தலக்குண்டில் கொடைக்கானல் பேருந்து ஏறி, மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து, கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னதாகப் பெருமாள்மலையில் இறங்கிப் பாருங்கள். பழனிக்குப் போகும் சாலை அங்கேதான் பிரிகிறது. சாலையோரம் முழுக்கக் கடைகள். பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட், காப்பிக்கொட்டை, மிளகு என்று மலை விளைச்சல் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். கீழேயிருந்து சரக்கெடுக்க வரும் நம்மவர்களையும் அந்தக் கூட்டத்தில் பார்க்கலாம்.

சில மாதங்களுக்கு முன் அந்த நிறுத்தத்தில் ஒரு தகப்பனையும் மகளையும் சந்தித்தோம். தகப்பனார் பழ வியாபாரி. மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, மலைப்பயிர்களைத் தாக்கும் நோய் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் சகோதரி. அவர் கையிலிருந்த பாலித்தீன் பைகளில் இலைகள். ஒவ்வொரு பையிலும் தேதியும் தோட்டத்தின் அடையாளமும் எழுதப்பட்டிருந்தன.

நம்மைக் கண்டதும் தகப்பனார் கொட்டித் தீர்த்துவிட்டார். "நீங்களே சொல்லுங்க பாய். எம்.எஸ்சி. வரைக்கும் படிக்க வச்சேன். அது போதாதா? இன்னும் மூணு வருஷம்ங்கறா. வண்டிச் செலவு, மருந்துச் செலவு, மாநாட்டுக்குப் பணம்னு மாசா மாசம் கேக்கறா. இதுனால கடைக்கு லாபமா, கல்யாணத்துக்கு லாபமா?"

அந்தச் சகோதரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஸ்காலர்ஷிப் இருந்திருந்தா உங்ககிட்ட நான் ஏன் அத்தா கேக்கப் போறேன்? நான் சேர்றதுக்கு முந்தின வருஷம்தான் அதை நிறுத்திட்டாங்க. இந்த வருஷத்தோட விட்டுடலாம்னு இருக்கேன்."

விட்டுடலாம் என்று இருக்கிறாராம்! பேருந்து வந்தது. அவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். ஆனால் அந்த ஒரு சொல் நம்மை விட்டுப் போகவில்லை.

சகோதரனே! இது ஒரு வீட்டுக் கதை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதே. இது உன் வீட்டுக் கதை. உன் தெருவின் கதை. இந்தச் சமுதாயத்தின் கதை.

பறிக்கப்பட்ட உதவித்தொகை

2006 நவம்பரில் நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு தன் அறிக்கையைப் பிரதமரிடம் கொடுத்தது. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம், முதுநிலையில் 50 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்ற கசப்பான உண்மையை அந்த அறிக்கை போட்டு உடைத்தது. இளநிலையிலிருந்து முதுநிலைக்கு ஒரு படி ஏறும்போதே நம் எண்ணிக்கை பாதியாகி விடுகிறது என்றால், அதற்கும் மேலே ஆராய்ச்சிப் படிப்பில் நம் கதி என்ன?

அந்தக் காயத்துக்கு ஒரு சிறு மருந்தாக 2009-ல் மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை வந்தது. முஸ்லிம்களுக்கு மட்டும் வந்ததல்ல அது. கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, ஜைனர் என்று அறிவிக்கப்பட்ட சிறுபான்மையினர் அனைவருக்கும் உரியது. எம்.ஃபில்., பி.எச்டி. ஆய்வாளர்களுக்கு மாதாமாதம் தொகை. அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு என்று தனியே ஒதுக்கப்பட்டது.

2022 டிசம்பர் 8-ஆம் நாள், அன்றைய சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி மக்களவையில் எழுத்துபூர்வமாக ஒரு பதில் கொடுத்தார். 2022-23 முதல் இத்திட்டம் நிறுத்தப்படுகிறது! உயர்கல்விக்கான வேறு பல உதவித்தொகைத் திட்டங்களோடு இது ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகிறதாம். அதுதான் காரணமாம்!

அதே பதிலில் இன்னொரு கணக்கும் இருந்தது. 2014-15 முதல் 2021-22 வரை எட்டு ஆண்டுகளில் 6,722 பேர் தேர்வு செய்யப்பட்டு, 738 கோடியே 85 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 92 கோடி! இத்தனை பெரிய நாட்டின் கஜானா இந்த 92 கோடியை மிச்சம் பிடித்துத்தான் நிரம்பப் போகிறதா?

இது ஒன்றோடு நின்றதா? வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்கும் சிறுபான்மை மாணவரின் வங்கிக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த உதவித்தொகையும் அதே ஆண்டில் வெட்டப்பட்டது. 1989-ல் தொடங்கிய மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை இழுத்து மூட 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. அடியிலும் வெட்டு, நடுவிலும் வெட்டு, நுனியிலும் வெட்டு! இந்த மரம் எப்படிக் காய்க்கும்?

ஏற்கெனவே தேர்வானவர்களுக்காவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? மாதக்கணக்கில் தொகை வராமல் 2025-ல் ஆய்வாளர்கள் வீதிக்கு வந்து முறையிட வேண்டியதாயிற்று. ஆய்வேட்டை எழுதவேண்டிய கை மனு எழுதிக்கொண்டிருந்தது.

அவர்கள் சொன்ன காரணம் நிற்குமா?

'ஒன்றின்மேல் ஒன்று படிகிறது' என்றார்களே, அதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய உதவித்தொகை இருக்கிறது, நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஒரே ஆய்வாளர் இரண்டு உதவித்தொகையை வாங்க விதியே இடம் கொடுக்கவில்லை. ஒன்றை வாங்குகிறவர் மற்றதை விட்டுவிட வேண்டும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் உட்காருவார். அப்படியானால் நஷ்டம் எங்கே வந்தது? ஒருவருக்குப் பதில் இருவர் படித்தார்கள் என்பதுதான் நடந்தது. அதுதான் உறுத்தியதோ என்னவோ!

மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பே சொல்கிறது: 2020-21-ல் உயர்கல்வியில் முஸ்லிம் மாணவர் பங்கு 4.6 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் 14.2 விழுக்காடு. முந்தைய ஆண்டைவிட ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மாணவர் குறைந்துபோனார்கள். மற்ற சமூகங்கள் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டில் நாம் இறங்கினோம். வீடு பற்றி எரியும் நேரத்தில் தண்ணீர்க் குடத்தைப் பறித்துக்கொண்டு, 'பக்கத்துத் தெருவில் குழாய் இருக்கிறது' என்று சொல்வதற்குப் பெயர் நிர்வாகமா?

இந்த மாற்றாந்தாய் மனப்பான்மையைக் கண்டிக்கிறோம். நிறுத்தப்பட்ட உதவித்தொகையைத் திரும்பக் கொடு என்று உரக்கக் கேட்கிறோம். 2007-ல் தமிழகத்தில் மூன்றரை விழுக்காடு இடஒதுக்கீடு யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை. கேட்டோம், திரண்டோம், பெற்றோம். இதையும் கேட்போம்.

ஆனால் அரசைக் கண்டித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போகவா இந்தக் கட்டுரை? இல்லை சகோதரனே. இனிமேல்தான் கசப்பு வருகிறது. அது நமக்கு.

மலைமேல் திறந்திருக்கும் வாசல்கள்

பெருமாள்மலையிலிருந்து மேலே ஏறினால் என்ன இருக்கிறது? ஏரி, படகு, குதிரை, குணா குகை என்பாய். நாம் குடும்பத்தோடு போய் பிரியாணிச் சட்டியை இறக்கி வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிய இடம் அது.

அதே மலையில்தான் 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1876-ல் தொடங்கிச் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் எண்ணம் வலுத்துத்தான் சூரிய ஆராய்ச்சிக்கு இப்படி ஓர் இடம் அமைந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதை 1909-ல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் கண்டறிந்தார். இன்றும் உலக நூல்களில் அது எவர்ஷெட் விளைவு என்றே பேசப்படுகிறது. நூறாண்டுக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே சேமிப்பில் இருக்கின்றன. இதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கல்லூரி மாணவர்களுக்குக் கோடைகாலப் பயிற்சிப் பள்ளியும் நடத்தி வந்திருக்கிறது.

அட்டுவம்பட்டியில் 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்களுக்கென்றே தமிழக அரசு நடத்தும் பல்கலைக்கழகம். கொஞ்சம் உள்ளே போனால் மன்னவனூரில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம். கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்.

சகோதரனே, மனசாட்சியோடு பதில் சொல். கொடைக்கானலுக்கு எத்தனை தடவை போயிருப்பாய்? ஒரு தடவையாவது உன் பிள்ளையை அழைத்துக்கொண்டு இந்த வாசல்களில் ஒன்றில் நின்றாயா? 'இங்கே சேர என்ன படிக்க வேண்டும்' என்று கேட்டாயா? ஏரியில் படகு விட வரிசையில் நின்ற நாம், இந்த வரிசையில் நிற்கவே இல்லையே!

வணிகப் பெருமக்களே, கணக்குப் போடுங்கள்

'ஆராய்ச்சியால் கடைக்கு என்ன லாபம்' என்று அந்தத் தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. வியாபாரியின் கேள்விக்கு வியாபாரக் கணக்கிலேயே பதில் சொல்வோம்.

பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தையை அறியாத வியாபாரி இந்த வட்டாரத்தில் உண்டா? கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்கும் சந்தை அது. அந்த மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறெங்கோ விளைந்த பூண்டை 'கொடைக்கானல் பூண்டு' என்று பெயர் சூட்டி விற்பது சட்டப்படி குற்றம். இதை வாங்கிக் கொடுத்தது யார்? சந்தைக் கமிட்டியா? இல்லை. அட்டுவம்பட்டிப் பல்கலைக்கழகத்தின் உயிர்த் தொழில்நுட்பத் துறையினர் முன்கை எடுத்து, மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் துணையோடு ஆதாரம் திரட்டி விண்ணப்பித்தார்கள். இந்தப் பூண்டின் தனித்தன்மை என்ன என்று ஆய்வு மொழியில் எழுதிக் காட்ட ஆள் இருந்ததால் மலைக்குப் பெயர் நிலைத்தது. மூட்டை தூக்குகிறவனுக்கும் கமிஷன் மண்டிக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

விருப்பாச்சி மலைவாழையை எடுத்துக்கொள்ளுங்கள். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பில் உருவாக்கி மலைக்குத் திருப்பி அனுப்பியவர்கள் வேளாண் ஆராய்ச்சியாளர்கள். 2008-ல் அந்த வாழைக்கும் புவிசார் குறியீடு வந்தது. ஆராய்ச்சி இல்லாதிருந்தால் அந்தப் பழத்தை எந்தக் கடையில் விற்றிருப்பீர்கள்?

நஷ்டக் கணக்கையும் பாருங்கள். 2001-ல் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வந்த பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆலை மூடப்பட்டது. காற்றிலும் மண்ணிலும் மரத்தின் பாசியிலும் எவ்வளவு பாதரசம் என்று அளந்து சொல்ல ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள். முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. அளந்து சொல்லத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத ஏழையின் கண்ணீர் எந்த மன்றத்திலும் சாட்சியாவதில்லை.

நம் தோல் வியாபாரத்தையே பேசுவோமே. திண்டுக்கல் பேகம்பூரிலும் வட ஆற்காட்டிலும் நம் முன்னோர் கட்டி எழுப்பிய தொழில் அது. 1996 ஆகஸ்டில் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் மீது கடுமையான தீர்ப்பு வழங்கியது. சுத்திகரிப்பு நிலையம் கட்டாவிட்டால் பூட்டு! ஆற்றைக் கெடுத்தது தவறு, அதில் மறுபேச்சு இல்லை. நம் கேள்வி வேறு. சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, தலைமுறை தலைமுறையாகத் தோலில் சம்பாதித்த நாம், கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஆராய்ச்சிக்கு நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அங்கே அனுப்பி வைத்தோம்? பதனிடத் தெரிந்த நமக்குச் சுத்திகரிக்கத் தெரியவில்லை. அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமா?

நம் முன்னோர் இப்படியா இருந்தார்கள்?

முதல் வஹீயே ஓதச் சொல்லித்தான் இறங்கியது என்பதை மேடைக்கு மேடை பேசுகிறோம். ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுத்தறிந்தவர்களுக்கு என்ன பிணைத்தொகை? மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை! பசியும் பட்டினியுமாக இருந்த ஒரு சமுதாயம், பொன்னுக்குப் பதிலாக எழுத்தை வாங்கியது.

ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) ஒரே ஒரு ஹதீஸைக் கேட்டவரிடமே நேரில் உறுதி செய்துகொள்ள, ஒட்டகம் வாங்கி ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் போனார்கள். இன்று ஆய்வாளர்கள் 'மூல ஆதாரம்' என்கிறார்களே, அது இதுதான். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் நம்பத் தகுந்தவரா என்று சங்கிலியாகச் சோதித்த சமுதாயம் நாம். அடுத்தவர் எழுதியதைத் திருடித் தன் பெயர் போட்டுக்கொள்வது அமானித மோசடி என்று பல்கலைக்கழகம் வந்தா நமக்குச் சொல்ல வேண்டும்?

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் 859-ல் கரவிய்யீன் கல்விக்கூடத்தை நிறுவியவராகப் போற்றப்படுகிறவர் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி. யார் அவர்? ஒரு வணிகரின் மகள்! வாரிசுச் சொத்தாக வந்த வியாபாரப் பணத்தை அவர் அறிவுக்குக் கொடுத்தார். பெருமாள்மலையில் நின்ற அந்த வணிகர் மகள் கேட்டது சொத்தை அல்ல, வண்டிச் செலவை!

நம் மண்ணில் மட்டும் என்ன குறை? வியாபாரி கையிலிருந்துதான் நம் கல்லூரிகள் பிறந்தன. திருச்சியில் 1951-ல் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜா மியான் ராவுத்தரும் எழுப்பிய ஜமால் முஹம்மது கல்லூரி, உத்தமபாளையத்தில் 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் எழுந்த ஹவுதியா கல்லூரி என்று பட்டியல் நீளும். அந்தப் பெரியவர்கள் வாசல் வரை கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாடி கட்ட வேண்டியது யார்? நாம்தானே!

பட்டம் வாங்கினால் போதுமா?

இங்கேதான் படித்தவர்களுக்கும் ஒரு விஷயம் புரியாமல் இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்துப் பி.எச்டி. பதிவு செய்தவுடன் ஒருவர் ஆய்வாளர் ஆகிவிடுவதில்லை. கடையில் சேர்ந்த பையனை நீங்கள் முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்பீர்களா? எடை போடக் கற்றுக்கொடுத்து, சரக்குத் தரம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்து, பிறகுதானே கல்லா? ஆராய்ச்சியும் அப்படியே.

அப்துல் கலாமை எடுத்துக்கொள். சென்னை எம்.ஐ.டி.யில் சேரக் கட்டணமில்லாமல் நின்றபோது அவருடைய சகோதரி ஜொஹரா தன் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். எல்லோருக்கும் இது தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிப்பதில்லை. 1963-ல் அவர் அமெரிக்காவின் நாசாவுக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்த கையோடு, 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏறியபோது அந்தக் குழுவில் நின்றார். சகோதரியின் நகை அவரைக் கல்லூரியில் சேர்த்தது. இளம் வயதில் கிடைத்த பயிற்சி அவரைத் தும்பாவில் நிறுத்தியது. நகை கொடுக்கச் சகோதரிகள் இன்றும் இருக்கிறார்கள். பயிற்சிக்கு வழிகாட்டத்தான் ஆளில்லை.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி பர்மாவில் குடும்பத்தின் சுரங்க, மர வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று அரசு விலங்கியல் துறை வேலை மறுக்கப்பட்டது. ஒடிந்து போனாரா? பெர்லினுக்குப் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். 1930-ல் திரும்பியபோது இருந்த அருங்காட்சியக வேலையும் போயிருந்தது. கடற்கரைக் கிராமத்தில் தூக்கணாங்குருவியின் கூட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அந்த ஆய்வே அவரை உலகறியச் செய்தது. கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. வியாபாரக் குடும்பத்துப் பையன்தான்!

இன்று நம் இளம் ஆய்வாளருக்கு என்ன தெரியவில்லை? எந்த நெறியாளரிடம் சேர வேண்டும் என்று தெரியவில்லை. தரமான ஆய்விதழ் எது, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி இதழ் எது என்று பிரித்தறியத் தெரியவில்லை. ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் கோர்வையாக எழுத, பத்துப் பேர் முன் நின்று பேச, திட்ட நிதிக்கு விண்ணப்பிக்கப் பழக்கமில்லை. ஆய்வு முடிந்தபின் கல்லூரி ஆசிரியர் வேலையைத் தவிர வேறு வழி உண்டா என்றும் தெரியவில்லை. மருந்துக் கம்பெனி, விதைக் கம்பெனி, உணவுப் பரிசோதனைக்கூடம், காப்புரிமை அலுவலகம், புள்ளிவிவரத் துறை என்று எத்தனையோ இடம் இருக்கிறது. சொல்ல ஆளில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பி, முதல் மூன்றாண்டும் நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தே கழித்தான். அது தவறு, புகார் சொல்ல வழியுண்டு என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. நம் வீட்டுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் பேசப்படுவது துபாய் விசாவும் கடை வாடகையும்தானே!

பெண் பிள்ளை விஷயத்திலும் அறியாமையே எதிரி. 'ஆராய்ச்சி என்றால் கல்யாணம் நிற்கும்' என்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் ஆய்வுக்கு ஆறு ஆண்டு உச்சவரம்பு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு. பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணமும் நடக்கும், ஆய்வும் நடக்கும். மாப்பிள்ளை வீட்டாருக்கு மனம் இருந்தால்!

என்ன செய்யப் போகிறோம்?

ஜமாஅத் பொறுப்பாளர்களே! உங்கள் மஹல்லாவில் எம்.எஸ்சி., எம்.ஏ., பி.எச்டி. படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? சந்தா பாக்கிப் பட்டியல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. முதலில் பெயர்களை எழுதுங்கள். மாதம் ஒரு ஞாயிறு பள்ளிவாசல் மதரஸா கட்டடத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரிய ஏற்பாட்டோடு, ஓர் ஆய்வாளரையோ பேராசிரியரையோ அழைத்து வழிகாட்டச் சொல்லுங்கள். அழைக்கப்படுகிறவர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறிவைத் தருகிறவர் எவராயினும் மரியாதையோடு அழையுங்கள்.

வணிகப் பெருமக்களே! ஜே.ஆர்.எஃப். தொகை 2023 முதல் மாதம் 37 ஆயிரம் ரூபாய். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒரு கடைவீதியில் 100 கடைகள் தினம் 10 ரூபாய் எடுத்து வைத்தால் மாதம் 30 ஆயிரம். ஒரு வீதி, ஓர் ஆய்வாளர்! ஒரு டீயின் விலை இது. நாம் ஒரு வலீமா விருந்தில் மீந்துபோன பிரியாணியாகக் குழியில் கொட்டும் பணம் இது. இதை ஸகாத்தில் சேர்க்கலாமா, ஸதகாவாகக் கொடுக்க வேண்டுமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கேட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்! கணக்கை வெளிப்படையாக வையுங்கள். தேர்வைத் தகுதி பார்த்துச் செய்யுங்கள். மச்சான் மகனுக்கென்று ஒதுக்கினால் அன்றே அந்த நிதி செத்துவிடும்.

இளைஞனே, இது உனக்கு! நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை வழக்கமாக நடக்கிறது. 2024 முதல் பி.எச்டி. சேர்க்கைக்கும் அந்த மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிற்படுத்தப்பட்டோருக்கு வயது வரம்பில் ஐந்தாண்டு தளர்வு உண்டு. ஆனால் கையில் நீ வைத்திருக்கும் தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் சேராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைமார் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதே, இன்றே போ.

தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியிருக்கிறது. அறிவிப்பு வரும்போது தவறவிடாதே. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மாணவருக்கு இரண்டு மாதக் கோடைகால ஆய்வுப் பயிற்சி தருகின்றன. உதவித்தொகையும் உண்டு. பட்டப் படிப்பில் இருக்கும்போதே விண்ணப்பி. தள்ளிவிட்டார்களா? அடுத்த ஆண்டும் விண்ணப்பி. சாலிம் அலிக்கு வேலை கொடுக்காத கதை உனக்குத் தெரியுமே!

ஏற்கெனவே முனைவர் ஆகிவிட்ட சகோதரர்களே, சகோதரிகளே! நீங்கள் ஏறிய ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் இளம் ஆய்வாளர் ஒருவருக்குக் கொடுங்கள். அவருடைய கட்டுரையை வாசித்துத் திருத்துங்கள். அறிவுக்கும் ஸகாத் உண்டு.

அரசியல்வாதிகளே! ஓட்டுக்கு வரும்போது பள்ளிவாசல் வாசலில் கஞ்சி குடித்துப் படமெடுத்துக்கொண்டால் போதாது. நிறுத்தப்பட்ட ஆய்வு உதவித்தொகையைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்டீர்களா என்று இனி கேட்போம். மத்திய அரசு நிறுத்தியதை மாநில அரசாவது கொடுக்கட்டும் என்றும் கேட்போம்.

அந்தச் சகோதரியைப் பற்றி...

பேருந்து ஏறுமுன் அந்தத் தகப்பனாரிடம் பூண்டுக் கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகள் கையிலிருந்த பைகளில் ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்த இலையைப் பார்த்தார். "இந்தப் புள்ளி விழுந்த காயை நான் வாங்கவே மாட்டேன். இது ஏன் வருதுன்னா கண்டுபிடிக்கப் போறே?" என்று கேட்டார். அந்தச் சகோதரி "ஆமாத்தா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. படிப்பைத் தொடர விட்டாரா, நிறுத்திவிட்டாரா, நமக்குத் தெரியாது.

அந்த முடிவை அந்த ஏழைத் தகப்பன் ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் தூங்கலாமா? அவர் பின்னால் ஒரு ஜமாஅத் நின்றிருந்தால், ஒரு கடைவீதி நின்றிருந்தால், அவர் அப்படிக் கேட்டிருப்பாரா?

அடுத்த முறை பெருமாள்மலையில் இறங்கிப் பிளம்ஸ் பேரம் பேசும்போது, இலைப் பைகளோடு பேருந்துக்கு நிற்கும் ஒரு பிள்ளையைப் பார்த்தால், சகோதரனே, 'எந்த ஊரும்மா, என்ன ஆராய்ச்சி செய்யறே' என்று ஒரு வார்த்தை கேள். ஊருக்குத் திரும்பியதும் உன் கடைவீதியின் முதல் 10 ரூபாயை நீ எடுத்து வை.

நம் முயற்சிகளுக்கு வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!